வாக்காளரின் கோபமும் ஆட்சியாளரின் கணக்கும்

2010 ஏப்ரல் 28. பிரித்தானியப் பொதுத்தேர்தலுக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தன. ரொச்டேல் நகரில் வாக்குக் கேட்கச் சென்ற அன்றைய பிரதமர் கோர்டன் பிரவுணை ஓய்வூதியம் பெறும் ஒரு பெண்மணி வழிமறித்தார். வாழ்நாள் முழுவதும் தொழிற்கட்சிக்கே வாக்களித்து வந்தவர் அவர். நாட்டின் கடன் எப்படி அடைபடும் என்றும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இத்தனை பேர் வருகிறார்களே என்றும் கேட்டார். பிரதமர் புன்னகையோடு பதிலளித்துவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் இருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. அந்தப் பெண்மணி குறுகிய மனம் படைத்தவர் என்று அவர் உதவியாளரிடம் சலித்துக்கொண்டதை நாடே கேட்டது. பின்னர் அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கோரினார். ஆனால் முகத்துக்கு நேரே ஒன்றும் முதுகுக்குப் பின்னே வேறொன்றும் பேசுகிறவர்களே தம்மை ஆளுகிறார்கள் என்ற எண்ணம் சாதாரண வாக்காளரின் மனத்தில் அன்று ஆழப் பதிந்துவிட்டது.

அந்தப் பெண்மணி எழுப்பிய இரண்டு கேள்விகளும் இன்றுவரை விடை காணாமலே இருக்கின்றன. குடிவரவும் அரசின் செலவும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இந்த இரண்டிலும் ஆட்சியாளர் சொன்னதும் செய்ததும் எவ்வாறு வேறுபட்டன என்பதைப் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஏட்டிலும் எண்ணிலும் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் கணக்குப் பிழைக்கும் போதெல்லாம் பழி வந்து விழும் தலை குடிவரவாளர் தலையாகவே இருக்கிறது.

பொய்த்துப்போன எண்கள்

2004 இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கு நோக்கி விரிந்தபோது, புதிய உறுப்பு நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரையே பிரித்தானியாவில் குடியேறுவர் என்று அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீடு கூறியது. வந்தவர்களின் தொகை அதைப் பல மடங்கு தாண்டியது. மற்றைய பெரிய நாடுகளும் தமது கதவுகளைத் திறக்கும் என்ற அனுமானத்தின் மேல் எழுந்த மதிப்பீடு அது. ஜெர்மனியும் பிரான்சும் திறக்கவில்லை. அனுமானம் பிழைத்ததை மக்களிடம் ஒளிவின்றி எடுத்துச் சொல்லும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை.

2010 இல் டேவிட் கமரூன், நிகரக் குடிவரவை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவதாக வாக்களித்தார். அவரோ அவருக்குப் பின் வந்த தெரேசா மேயோ ஒரேயோர் ஆண்டிலும் அந்த இலக்கைத் தொடவில்லை. 2019 இல் பொரிஸ் ஜோன்சனின் கட்சி மொத்த எண்ணிக்கையைக் குறைப்பதாக உறுதியளித்தது. அவருடைய ஆட்சி 2021 இல் புதிய புள்ளி முறையைக் கொண்டுவந்தது. 2023 இல் நிகரக் குடிவரவு ஒன்பது லட்சத்தைத் தாண்டி வரலாறு காணாத உச்சத்தை எட்டியது. குறைப்போம் என்று மேடையில் முழங்கியவர்களே அலுவலகத்தில் அமர்ந்து விசாக்களை வழங்கியவர்கள் என்பதை மறக்கலாகாது.

ஏன் வழங்கினார்கள்? இங்கேதான் குடிவரவும் செலவும் ஒன்றையொன்று தொடுகின்றன. உள்நாட்டு மாணவரின் பல்கலைக்கழகக் கட்டணம் 2017 முதல் 9,250 பவுணிலேயே ஆண்டுக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. விலைவாசியோ ஏறிக்கொண்டே போயிற்று. அந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தால் நிரப்பின. முதியோர் பராமரிப்புக்கு உள்ளூராட்சி மன்றங்களிடம் போதிய நிதி இல்லை. ஊதியம் குறைவாதலால் உள்ளூரில் ஆட்கள் கிடைக்கவில்லை. ஊதியத்தை உயர்த்த நிதி ஒதுக்குவதற்குப் பதிலாக, 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கு விசா வழங்கும் வழியை அரசு திறந்துவிட்டது. காணியை விற்றும் நகையை அடகு வைத்தும் தமிழர் பலர் அந்த விசாவுக்காகக் கடன்பட்டனர். நாட்டுக்குத் தேவைப்பட்டதால் அழைக்கப்பட்டவர்கள், வந்து சேர்ந்தபின் நாட்டுக்குச் சுமை என்று தூற்றப்பட்டனர்.

எழுநூறு மில்லியனும் நான்கு பயணிகளும்

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது தமிழ்ப் பழமொழி. அதற்கு ருவாண்டாத் திட்டத்தை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. சிறு படகுகளில் வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பாதுகாப்பற்றது என்று கண்ட நாட்டைப் பாதுகாப்பானது என்று பாராளுமன்றம் 2024 ஏப்ரலில் சட்டமியற்றிப் பிரகடனம் செய்தது. 2024 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டபோது, அதற்காக 700 மில்லியன் பவுண் செலவாகிவிட்டதாகப் புதிய உள்துறை அமைச்சர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். அதில் 290 மில்லியன் ருவாண்டா அரசுக்கே கொடுக்கப்பட்டது. ருவாண்டா சென்றவர்கள் நால்வர். அவர்களும் தாமாக இணங்கிச் சென்றவர்கள்.

தஞ்சம் கோருவோரின் தங்குமிடக் கணக்கும் இத்தகையதே. 2022 முடிவில் ஏறத்தாழ 160,000 பேர் தமது விண்ணப்பத்துக்கு முதல் முடிவு கூடக் கிடைக்காமல் காத்திருந்தனர். முடிவெடுக்கத் தாமதித்த அரசு, காத்திருப்போரை விடுதிகளில் தங்கவைத்தது. 2023 இல் விடுதிச் செலவு நாளொன்றுக்குச் சுமார் 8 மில்லியன் பவுண். 2019 முதல் 2029 வரையான தங்குமிட ஒப்பந்தங்களுக்கு முதலில் மதிப்பிடப்பட்ட தொகை 4.5 பில்லியன் பவுண். அது 15.3 பில்லியனாக உயரும் என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 மே மாதம் எடுத்துரைத்தது. இந்தப் பணம் அகதியின் கைக்குச் செல்லவில்லை. உணவு வழங்கும் விடுதியில் இருப்பவருக்கு வாரத்துக்குக் கிடைப்பது பத்துப் பவுண் அளவே. எஞ்சியதெல்லாம் ஒப்பந்தக்காரருக்கும் விடுதி உரிமையாளருக்கும் போகிறது.

உழைத்து உண்ணவும் அவர்களுக்கு வழியில்லை. ஆறு மாதம் காத்திருந்தவர் வேலை செய்ய அனுமதி கோரலாம் என்றிருந்த சலுகையை 2002 இல் அன்றைய தொழிற்கட்சி அரசு பறித்தது. அதன்பின் ஓராண்டு காத்திருந்தாலும், ஆட்பற்றாக்குறை உள்ளதாக அரசு பட்டியலிட்ட சில தொழில்களுக்கே அனுமதி என்றாயிற்று. கையைக் கட்டிப்போட்டுவிட்டுச் சோம்பேறி என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம்தான் சிக்கனம் போதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் புதிய நிதியமைச்சர் ஏறத்தாழ ஒரு கோடி ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை நிறுத்தினார். சேமிப்பு 1.4 பில்லியன் பவுண் என்றார். எதிர்ப்புக் கிளம்பவே 2025 ஜூனில் பெரும்பாலானோருக்கு அது மீள வழங்கப்பட்டது. வீட்டைச் சூடாக்கப் பணமில்லாத முதியவர் தன் தெருவிலுள்ள விடுதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் வியப்பில்லை. அவர் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்தை விடுதியின் சன்னலை நோக்கித் திருப்பிவிட்டவர்களே குற்றவாளிகள். இரண்டு பூனைகளுக்கு அப்பம் பங்கிட வந்த குரங்கு, பூனைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த வேளையில் அப்பத்தைத் தின்று முடித்த கதைதான் இது.

2024 ஜூலைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு அறுபது பேர் மட்டுமே. 34 வீதத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற கட்சி 411 ஆசனங்களோடு ஆட்சியமைத்தது. ஒரு மாதம் கழிவதற்குள் சவுத்போர்ட் நகரில் சிறுமியர் கொல்லப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து, கொலையாளி படகில் வந்த அகதி என்ற பொய் பரவியது. அவன் கார்டிஃப் நகரில் பிறந்தவன். அந்தப் பொய்யைத் தொடர்ந்து பல நகரங்களில் கலவரம் மூண்டது. ஆகஸ்ட் 4 ஆம் நாள் ரொதரம் நகரில், மனிதர்கள் உள்ளே இருக்கும்போதே ஒரு விடுதிக்குத் தீ மூட்ட முயன்றனர். ஆட்சியாளர் சொல்லாமல் விட்ட கணக்கை வதந்தி வந்து சொல்லிக்கொடுத்தால் விளைவு இதுவாகத்தான் இருக்கும்.

தமிழர் மறக்கலாகாதவை

படகில் வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது ஒருசாரார் புலம்பெயர் தமிழரின் குரல் மாறி ஒலிக்கிறது. "நாங்கள் உழைத்து முன்னேறினோம், இவர்கள் சும்மா இருந்து சாப்பிடுகிறார்கள்" என்ற பேச்சு கோயில் அன்னதான மண்டபத்திலும் திருமண வீட்டிலும் சர்வசாதாரணமாகிவிட்டது. ஏறிவந்த ஏணியை எட்டி உதைக்கும் இப்பேச்சுக்கு வரலாறே மறுமொழி கூறும்.

1985 இல், தமிழ் அகதிகள் வருவதைத் தடுப்பதற்கென்றே இலங்கையருக்கு விசாக் கட்டாயம் விதிக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் மீது பிரித்தானியா அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் தமது ஆடைகளைக் களைந்து போராடினார்கள். அதே ஆண்டில், விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் தமிழர் பலர் தடுத்துவைக்கப்பட்டனர். அக்டோபர் புயலில் நங்கூரம் அறுந்து கப்பல் கரைதட்டியது. உள்ளே இருந்தவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். 2023 இல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதவையை நிறுத்தி, அகதிகளை ஏற்றிய சில நாட்களிலேயே நீரில் லெஜியனெல்லாக் கிருமி கண்டு இறக்கிய அரசுக்கு, முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முந்திய பாடம் நினைவில் இல்லை. தமிழருக்குமா நினைவில் இருக்கக்கூடாது?

பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு அண்மைய சான்றும் உண்டு. 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் புறப்பட்டுக் கடலில் தத்தளித்த படகிலிருந்து மீட்கப்பட்ட ஈழத்தமிழர்கள், பிரித்தானியாவின் ஆளுகைக்குட்பட்ட டியேகோ கார்சியாத் தீவில் குழந்தைகளோடு வேலியிட்ட கூடார முகாமில் வைக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் மருத்துவத்துக்காக ருவாண்டாவுக்கே அனுப்பப்பட்டனர். மூன்று ஆண்டுகள் கடந்து, 2024 டிசம்பரில், அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என்று அத்தீவுப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலண்டன் மேடைகளில் தமிழரின் உரிமை பற்றி முழங்குவோருள் எத்தனை பேர் அந்த மூன்று ஆண்டுகளில் தமது பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதினார்கள்?

மாலைக்கு முன் ஒரு கேள்வி

தைப்பொங்கல் விழாவுக்கு அரசியல்வாதி வருகிறார். பொன்னாடை போர்த்தப்படுகிறது. "வணக்கம்" என்று அவர் தட்டுத்தடுமாறிச் சொல்ல மண்டபம் கைதட்டுகிறது. புகைப்படம் எடுக்கப்படுகிறது. ருவாண்டாச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தீர்கள் என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை. மக்களிடமிருந்து அந்நியப்பட்டுவிட்டார்கள் என்று அரசியல்வாதிகள் மீது சாட்டப்படும் குற்றத்தில், கேள்வி கேளாது மாலை மட்டும் போட்டு வழியனுப்பும் சமூகத்துக்கும் பங்குண்டு.

கேட்க வேண்டிய காரணம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளாக்கும் முன்மொழிவை 2025 மே மாதத்தில் அரசு வெளியிட்டது. அன்று "அந்நியர்களின் தீவு" என்று பேசிய பிரதமர் ஸ்டாமர், அடுத்த மாதமே அச்சொல்லுக்காக வருந்தினார். 2025 நவம்பரில், அகதிகள் நிரந்தர வதிவிடம் பெற இருபது ஆண்டுகள் காத்திருக்க நேரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வேலை விசாவில் வருவோர் பலர் வருமான வரிக்கும் தேசிய காப்புறுதிக்கும் மேலாக மருத்துவ மேல்வரி வேறு செலுத்துகிறார்கள். 2015 இல் ஆண்டுக்கு 200 பவுணாகத் தொடங்கிய அது 2024 இல் 1,035 பவுணாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருவர் செலுத்துவது 5,175 பவுண். நிரந்தர வதிவிட விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 3,029 பவுணானது. இலவசமாக உண்பவர்கள் என்று ஏசப்படுவோரின் கணக்கு இது. அயலவருக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியாத இளைஞர், பள்ளியிலும் பணியிடத்திலும் தலைகுனிந்து நிற்க நேரும்.

கருவிகள் இல்லாமல் இல்லை. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகளாதலால், முறையான விசாவோடு வாழும் அந்நாட்டவர் பிரித்தானியக் குடியுரிமை பெறாவிட்டாலும் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். இதை அறியாமலே பலர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியாதிருக்கிறார்கள். தகவல் அறியும் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. உள்துறை அமைச்சு எந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு செலுத்தியது என்று எவரும் எழுதிக் கேட்கலாம். பாராளுமன்ற உறுப்பினர்கள் வாத்துக் கூண்டுக்கும் அகழி துப்புரவுக்கும் அரச பணம் கோரியிருந்த செய்தி 2009 இல் அம்பலமானதற்குப் பின்னால், இச்சட்டத்தைக் கொண்டு ஆண்டுக்கணக்காகப் போராடியவர்களின் உழைப்பும் இருந்தது. 2024 இல் ஸ்ராட்பர்ட் மற்றும் போ தொகுதியில் உமா குமரன் வெற்றி பெற்றதன் மூலம் தமிழ்ப் பின்னணி கொண்ட ஒருவரின் குரல் பொதுச்சபைக்குள் நுழைந்தது. அவரிடமும் இதே கேள்விகள் கேட்கப்படவேண்டும். தமிழர் என்பதற்காக எவருக்கும் கணக்கிலிருந்து விலக்களிக்கலாகாது.

ரொச்டேல் பெண்மணியைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்கியது பிரவுண் செய்த பிழை. கோபப்படும் வெள்ளையர் அனைவரையும் இனவாதிகள் என்று ஒதுக்கினால் தமிழர் செய்வதும் அதே பிழையாகும். விடுதிக்குத் தீ வைத்தவன் வேறு; வரிப்பணம் எங்கே போயிற்று என்று கேட்பவர் வேறு. முன்னவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பின்னவரோடு தமிழர் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஒரே கேள்வியைக் கேட்க முடியும். அடுத்த தேர்தலில் வாசற்படிக்கு வரும் வேட்பாளரிடம், வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருக்க, அந்தக் கேள்வியை முதலில் கேட்கவேண்டியவர்கள் பெற்றோரே.