பொது விதியும் தனி விருப்பமும்



சித்தூர் வட்டாரத்திலும், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், மலையாள வழியில் பயிலும் பிள்ளைகளுடன் ஒரே பள்ளிக் கணினியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள். காலையில் ஒருவன் மலையாளத்தில் எழுதிய அதே கணினியில், பிற்பகலில் நம் பெண் தமிழில் எழுத வேண்டும். அவள் விசையை அழுத்தினால் எந்த எழுத்து விழும்? இதனை முடிவு செய்பவர் யார்? இத்திங்கள் இதனை ஆராய்வோம்.

கேரளத்தில் 2001ஆம் ஆண்டு தோன்றிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அது பள்ளிகளுக்கு வழங்கும் இயங்குதளம் உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருளாகும். அதில் தமிழ் எழுத்துருவும், 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை.

ஆயினும், பல கணினிகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரும் பாடு. ஆகவே ஆன்சிபிள் போன்ற கருவிகள் எழுந்தன. மைக்கேல் டிஹான் என்பவர் 2012இல் வெளியிட்ட இக்கருவியில், கட்டளைகளை ஒருமுறை எழுதிவிட்டால் எல்லாக் கணினிகளும் அவ்வண்ணமே அமைந்துவிடும்.

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இம்முறை புதிதன்று. நாடு முழுமைக்கும் பொது விதிகள் உள்ளன. ஒவ்வொரு இரயில்வேக்கும் துணை விதிகள் உள்ளன. ஒவ்வொரு நிலையத்திற்கும் நிலையப் பணி விதிகள் உள்ளன. ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். இரயில்வேயில் கீழுள்ள விதி மேலுள்ள விதிக்கு முரணாகலாகாது. ஆன்சிபிளிலோ, எல்லாக் கணினிகளுக்கும் குறித்த மதிப்பை ஒரு குழுவுக்குக் குறித்த மதிப்பு வெல்லும். அதனை ஒரு தனிக் கணினிக்குக் குறித்த மதிப்பு வெல்லும். க்னோம் திரையமைப்பிலும் அவ்வாறே: நிர்வாகி பூட்டி வைத்தாலன்றி, பொது ஏற்பாட்டைப் பயனரின் சொந்தத் தேர்வு வெல்லும். அருகில் உள்ளதற்கே அங்கு அதிகாரம்.

இந்த நியாயம் நடைமுறையில் கெடுவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே கணக்கில் நுழைவது. அப்போது தனி விருப்பம் என்பதற்கே இடமில்லை. முன்பு அமர்ந்தவர் வைத்த அமைப்பே பின்பு வருபவர்க்கும் வாய்க்கும்.

இரண்டாவது, மாதிரி அடைவை மட்டும் நம்புவது. லினக்ஸில் ‘ஸ்கெல்’ என்னும் அடைவில் உள்ளவை, புதிய கணக்கைத் தொடங்கும் வேளையில் மட்டுமே அதற்குப் படியெடுக்கப்படும். இன்று அதில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தாலும், சென்ற ஆண்டே கணக்குப் பெற்ற பிள்ளையை அது சென்றடையாது. அவர்களுக்கெனத் தனியே கட்டளை எழுத வேண்டும். அக்கட்டளையும் அந்தந்தப் பயனரின் பெயரால் நடைபெற வேண்டும். நிர்வாகியின் பெயரால் எழுதிய கோப்பு பிள்ளையின் அடைவில் கிடந்தாலும், அதனைப் பிள்ளையால் திருத்த இயலாது.

மூன்றாவது, கருவியை மறுமுறை இயக்குங்கால் பழைய தேர்வுகள் அழிவது. பிள்ளை கண் கூசுகிறதென்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பாள். மறுநாள் அது சிறுத்துவிடும். ஆன்சிபிளின் படியெடுக்கும் கட்டளையில் ‘ஃபோர்ஸ்’ என்பதற்கு ‘இல்லை’ எனக் குறித்தால், முன்னரே இருக்கும் கோப்பை அது தொடாது. ஒரு சொல்லில் தீரும் காரியம் இது; அச்சொல்லை எழுதும் நினைவுதான் வேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பூட்டுவது நியாயமே. மொழி, விசைப்பலகை, எழுத்தின் அளவு ஆகியவற்றைப் பூட்டுதல் முறையன்று.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் தாய்மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்துள்ளது. விண்ணப்பங்கள் கணினிவழிச் செல்லும் இந்நாளில், தமிழில் தட்டெழுதப் பழகாத பிள்ளைக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்குச் செல்வோர் பணிவுடன் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு உண்டா? பழைய கணக்குகளிலும் தமிழ் விசைப்பலகை உள்ளதா? கணினிகளைப் புதுப்பிக்கும்போது பிள்ளைகளின் தேர்வு நிலைக்கிறதா? கணினிக்கூடப் பொறுப்பாசிரியர் இவற்றை உடனே உணர்வார். கேட்க வேண்டியது நம் கடமை.