ஊற்றுநிலையைக் கேட்காத தடை

ஆர்க்டிக் கடலில் கனரக எரிபொருளுக்கு கப்பல் மாசுத் தடுப்புக்கான மார்போல் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பிலுள்ள 43ஏ விதி விதித்த தடை 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வரவேற்கிறோம். அன்டார்க்டிக்கில் 2011 ஆகஸ்டிலேயே வந்த பாதுகாப்பு இது. இப்போதும் முழுதாக வரவில்லை: எரிபொருள் தொட்டிக்கு இரட்டைச் சுவர் உள்ள கப்பல்களுக்கும், கரையோர நாடுகள் தம் கொடிக் கப்பல்களுக்குத் தரும் விலக்குகளுக்கும் 2029 ஜூலை 1 வரை இடமுண்டு. இந்த ஓட்டைகளைப் பலரும் கண்டித்துவிட்டார்கள். நம்மை உறுத்துவது வேறு.

கனரக எண்ணெய் எது என்பதை விதி இரண்டு எண்களால் முடிவு செய்கிறது: 15 டிகிரியில் கனமீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் அடர்த்தி, அல்லது 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக்கைத் தாண்டும் பாகுநிலை. துருவக் கடலோ மைனஸ் 1.8 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கிறது. அங்கே கொட்டப்போகும் எண்ணெயை 50 டிகிரியில் அளந்து என்ன பயன்? மெழுகு மிகுந்த குறைகந்தக எரிபொருள் இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கிவிட்டு, 20 டிகிரிக்கு மேலேயே இறுகிவிடலாம். எண்ணெய் ஓடக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையான ஊற்றுநிலை பற்றி விதியில் ஒரு சொல் இல்லை. கப்பல் எரிபொருள் தரநிலையான ஐஎஸ்ஓ 8217 பல எச்ச எரிபொருள் வகைகளுக்கு 30 டிகிரி வரை அதை அனுமதிக்கிறது.

மார்கழித் தேங்காயெண்ணெய் போல இறுகியதை எப்படி அள்ளுவது? நீர்மேல் மிதப்பதை அள்ளும் பிரஷ் ஸ்கிம்மரை நோக்கி எண்ணெய் ஓடி வராது. கட்டிகள் முன்னே முட்டி நிற்க, பிரஷ் வெறும் தண்ணீரைக் கிளறும். தப்பித்தவறித் தொட்டிக்குள் விழுந்தாலும், சூடேற்றாமல் பம்ப் இழுக்காது. எண்ணெயைச் சிதறடிக்கத் தெளித்த டிஸ்பெர்சன்ட் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். நார்வே கடலோர நிர்வாகம் முன்னின்று நடத்திய இமாரோஸ் ஆய்வு, குளிர்நீரில் இத்தகைய எரிபொருள்களை மீட்பது எவ்வளவு கடினம் என்று காட்டிவிட்டது.

இதையேதான் நாம் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறோம். கேட்பவர் இல்லை. குறைந்தபட்சக் கருவிகளை முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது, எட்டு ஆர்க்டிக் நாடுகள் 2013இல் கிருனாவில் கையெழுத்திட்ட எண்ணெய்க் கசிவு ஒப்பந்தம். எந்த எண்ணெயை அள்ளும் கருவிகள்? விதி எழுதுபவர்கள் கப்பல் உரிமையாளரின் எரிபொருள் செலவைக் காசு காசாகக் கணக்கிட்டார்கள். பனிக்கட்டிகளுக்கிடையே குழாயைப் பிடித்து நிற்கப்போகிறவரை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

கனரக எண்ணெயின் வரையறையில் ஊற்றுநிலையையும் சேர்க்க வேண்டும். 2029 கெடு ஒரு நாள்கூட நீளக் கூடாது. விதி மாறும்வரை, துருவப் பயணத்துக்கான ஒவ்வொரு கசிவுத் திட்டத்திலும் தொட்டியில் உள்ள எரிபொருளின் ஊற்றுநிலையைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள்.