பிரெக்சிட் இருக்கட்டும், ரங்கூனைப் பாருங்கள்!

"கூட்டமைப்பை விட்டு ஒரு நாடு வெளியேறினால் என்ன? ரெண்டு வருஷம் தடுமாறும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும்." பிரெக்சிட் பேச்சு வந்தாலே எங்கள் பி.காம் வகுப்பில் யாராவது இப்படி அடித்து விடுகிறார்கள். மன்னிக்கவும் மக்களே, சுத்த அபத்தம். மதுரையில் பஸ் ஏறி காரைக்குடிப் பக்கம் போய், பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்து பிரிந்தது. அதுவரை சட்டப்படி ரங்கூனும் மதுரையும் ஒரே நாடு. (1932 தேர்தலில் அதிக இடம் பிடித்தது பிரிவினையை எதிர்த்தவர்கள்தான். லண்டன் கண்டுகொள்ளவில்லை!) அங்கே நம் செட்டியார்கள் போட்டிருந்த பணம் 1930 கணக்குப்படி சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி.

பிரிந்த உடனே ஒன்றும் ஆகவில்லை. சரக்கும் ஆட்களும் மூன்று வருஷம் பழையபடி போய்வரலாம் என்று ஏற்பாடு. 1947 வரை நம் ரிசர்வ் வங்கிதான் அங்கேயும் மத்திய வங்கி. வகுப்பில் சொல்கிற அந்த "சரியாகிவிடும்" இந்தக் கட்டம்தான்.

அடி அப்புறம் விழுந்தது. நீங்கள் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டீர்கள். உங்கள் சொத்து இனி வேறொரு நாட்டுச் சட்டத்தின் கையில். 1941-ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம். 1948-ல் நில தேசியமயச் சட்டம். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள்.

"வட்டிக்கு விட்டு நிலத்தைப் பிடுங்கினார்கள், வேண்டியதுதான்" என்பார்கள். பர்மிய விவசாயியின் கோபம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் நிலம் 6 சதவீதத்தில் இருந்து 25 ஆனது, 1930-ல் நெல் விலை சரிந்து கடன்கள் வராமல் போன பிறகுதான். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது பணம், வயல் அல்ல. அதை விடுங்கள், வட்டிக்கே விடாத கூலிக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் என்ன பாவம் செய்தார்கள்?

பிரிட்டன் 2020-ல் வெளியேறியபோது, அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்களின் உரிமையை விலகல் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். பர்மாவில் கிடைத்தது மூன்று வருஷத் தவணை. 1964-ல் கப்பலில் வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் 1937-ல் பிறக்கவே இல்லை.