பூல் இருந்தால் போதுமா?

மே மாதம் பிறந்ததும் நியூ ஜெர்சித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் கோடைப் பயணப் பேச்சு சூடுபிடித்துவிடும். எடிசனிலிருந்து கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே இரண்டு மணி நேரம் போனால் வைல்ட்வுட் தீவு. யாராவது ஹோட்டல் பட்டியலைப் போட்டால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "பூல் இருக்கா?" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். தீவைச் சுற்றிலும் கடல் இருக்கும்போது பூல் எதற்கு என்றால், "சின்னப் பசங்க இருக்காங்கல்ல, கடல்ல விட முடியுமா? பூல்னா பத்திரம்" என்று பதில் வரும்.

இந்த நம்பிக்கை தவறு. பெற்ற பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கிற தவறு. படித்தவர்கள், எதற்கும் ரெவ்யூ பார்க்காமல் பணம் கொடுக்காதவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை மற்ற எந்தக் காரணத்தையும் விட அதிகமாகப் பலிகொள்வது நீரில் மூழ்குவதுதான். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது. அந்த வயதில் மூழ்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூழ்குவது அலையில்லாத, அடி தெரிகிற நீச்சல் குளங்களில். வீட்டுக் குளங்களின் பங்கே அதில் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மோட்டல் குளத்துக்கும் வீட்டுக் குளத்துக்கும் முக்கியமான ஒற்றுமை ஒன்று உண்டு: இரண்டிலும் காவலுக்கு ஆள் இல்லை.

வைல்ட்வுட்டில் கடலோரம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நியூ ஜெர்சிக் கடற்கரைகளில் பெரும்பாலானவற்றில் மணலில் கால் வைக்கவே பேட்ஜ் வாங்க வேண்டும். இங்கே அனுமதி இலவசம். அகன்ற மணல்வெளியைக் கடந்து தண்ணீருக்குப் போனால் வெள்ளை மேடை, மேலே லைஃப்கார்ட், கையில் விசில், பக்கத்தில் மீட்புப் படகு. நீரோட்டம் சரியில்லை என்றால் விசில் அடித்து ஆட்களை நகர்த்துவார்கள். இதே கரையில் சற்று வடக்கே உள்ள அட்லாண்டிக் சிட்டி 1890களின் தொடக்கத்திலேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடலைக் காத்த ஊர். லைஃப்கார்ட் காவல் காக்கும் கடற்கரையில் ஒருவர் மூழ்கி இறக்கும் வாய்ப்பு 1 கோடியே 80 லட்சத்தில் ஒன்று என்பது அமெரிக்க லைஃப்கார்ட் சங்கத்தின் கணக்கு.

இப்போது மோட்டலுக்குத் திரும்புவோம். இந்தத் தீவின் மோட்டல்கள் பல 1950களிலும் 60களிலும் காரில் வருகிறவர்களை இழுப்பதற்காகக் கட்டப்பட்டவை. நியான் விளக்கு, பிளாஸ்டிக் பனைமரம், தெருவிலிருந்தே தெரியும்படி வளைந்து நெளிந்த நீலக் குளம். 1957இல் கட்டிய கரீபியன் மோட்டல் 2005இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலேயே ஏறிவிட்டது. பார்க்க அழகுதான், நானும் நின்று ரசிப்பேன். ஆனால் அந்தக் குளம் விளம்பரமாக வெட்டப்பட்டது. பக்கத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கும்: லைஃப்கார்ட் பணியில் இல்லை, உங்கள் பொறுப்பில் நீந்துங்கள். அந்தப் பலகைக்குக் கீழேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு "பூல்னா பத்திரம்" என்கிறோம்.

கடலைப் பற்றிய நம் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சென்னை மெரினாவில் நாலடி வைத்தால் காலடி மணல் சரியும். தண்ணீரில் இறங்குகிறவர்களைப் போலீஸ்காரர் விரட்டுவதைப் பார்த்தே வளர்ந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே அடிவயிறு கலங்காத தமிழர் குறைவு. அங்கே அந்தப் பயம் நியாயமானது. அதை மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து, காவல் இருக்கும் நீரிலிருந்து பிள்ளையை இழுத்துக் காவல் இல்லாத நீரில் விடுவதில்தான் நியாயம் இல்லை.

பூலில் ஏதாவது ஆனால் சத்தம் கேட்கும், நாம்தான் பக்கத்திலேயே இருக்கிறோமே என்பது அடுத்த சமாதானம். சத்தம் கேட்காது. நியூ யார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் லைஃப்கார்டாக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படமெடுத்துப் பார்த்து 1970களில் எழுதிவைத்ததை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். மூழ்குகிறவர் கத்துவதில்லை, மூச்சு விடவே வாய் மேலே வராதபோது குரல் எங்கிருந்து வரும்? கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ஆள் உள்ளே போய்விடுவார். சினிமாவில் பார்க்கிற தத்தளிப்பு இதில் கிடையாது. கரையில் இருப்பவர் கண்ணுக்குப் பிள்ளை நின்று விளையாடுவது போலவே தெரியும்.

அதை நான் நேரில் பார்த்தேன். இதே தீவில் ஒரு மோட்டல், சாயங்காலம். குளத்தின் வேலிக் கதவு தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் வகைதான். ஆனால் புளியோதரை டப்பாவும் ஐஸ் பெட்டியுமாகப் போய்வருவதற்கு இடைஞ்சல் என்று யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக்கொடுத்து அதைத் திறந்து வைத்திருந்தார்கள். நாலைந்து குடும்பங்கள், பத்துப் பதினைந்து பெரியவர்கள். ஒருவர் தர்ப்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, கையில் மாட்டியிருந்த காற்றுப் பைகளைச் சாப்பிடுவதற்காகக் கழற்றியிருந்தாள். சாப்பிட்டு முடித்தவள் அவை இல்லாமலேயே படியில் இறங்கி இரண்டாவது படியைத் தாண்டினாள். தலைமுடி மட்டும் மேலே விரிந்து மிதந்தது. ஒரு சின்னத் தெறிப்பு கூட இல்லை. வேறொரு குடும்பத்துப் பெண் தற்செயலாகத் திரும்பியவர், உடுத்திய துணியோடு பாய்ந்து தூக்கினார். குழந்தை இருமி அழுத பிறகுதான் அவளுடைய அம்மாவுக்கே தெரிந்தது. அத்தனை பேர் இருந்தும் ஏன் தெரியவில்லை? அத்தனை பேர் இருந்ததால்தான். அப்பா பார்க்கிறார் என்று அம்மா நினைக்க, சித்தப்பா பார்க்கிறார் என்று அப்பா நினைக்க, கடைசியில் யாரும் பார்க்கவில்லை.

கூட்டமாகப் போகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது. கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறைக்காரர் போனை உள்ளே வைத்துவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். அடுத்தவரிடம் "இப்ப நீங்க" என்று வாயால் சொல்லி ஒப்படைத்த பிறகே எழுந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளை தண்ணீரில் இருந்தால் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான், உயிர்காப்பு ஜாக்கெட் ஆகாது. நீல நிற நீச்சலுடையும் வேண்டாம். நீலக் குளத்தின் அடியில் கிடந்தால் கண்ணுக்கே படாது. பளிச்சென்ற ஆரஞ்சு வாங்குங்கள்.

பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நீந்தத் தெரியாது என்பது இதைவிடப் பெரிய கவலை. 2020 ஜூனில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் இந்தியக் குடும்பத்தின் வீட்டுக் குளத்தில் தாத்தா, மருமகள், எட்டு வயதுப் பேத்தி மூவரும் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். அன்று எது முன்னே எது பின்னே நடந்தது என்று ஊகிக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி இருவரும் போவது உலகெங்கும் நீர்நிலைகளில் நடக்கிற கொடுமை. மூழ்குகிறவர் கையில் கிடைப்பதைப் பிடித்து அழுத்திக்கொண்டு மேலே வரப் பார்ப்பார். அது அம்மாவின் தோளாகவும் இருக்கலாம். அதனால்தான் எட்டிக் கொடு, எறி, இறங்காதே என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். குளத்து வேலியில் நீளக் கம்பும் வளையமும் மாட்டியிருப்பது இதற்காகத்தான். போய் இறங்கியதும் அவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

குளத்துத் தண்ணீர் சுத்தம் என்பதும் பாதி உண்மைதான். 2000 முதல் 2014 வரை குளோரின் போட்ட குளங்களிலும் சூடுநீர்த் தொட்டிகளிலும் ஏற்பட்ட 493 நோய்ப் பரவல்களை சிடிசி தொகுத்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹோட்டல்களில் தொடங்கியிருந்தது. கிரிப்டோ என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சரியான அளவு குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். கடல்தான் அழுக்கு என்பதும் அப்படியே. டெக்சஸின் ஹூஸ்டனில் இருக்கும் நண்பர்கள், அங்கே கால்வெஸ்டன் தீவில் கடல் கலங்கலாக இருக்கிறது, அதனால்தான் பூல் என்பார்கள். அந்தக் கலங்கல் ஆறுகள் கொண்டுவரும் வண்டல். அங்கே பயப்பட வேண்டியது கடலுக்குள் நீளும் கற்சுவர்களுக்கு அருகே இழுக்கும் நீரோட்டத்துக்குத்தான். அதைப் பலகை வைத்தும் சொல்கிறார்கள், லைஃப்கார்டும் சொல்கிறார்.

வடிகால் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூஸ்டன்காரரான முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தியை 2002இல் ஒரு சூடுநீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சி அடியிலேயே பிடித்துக்கொண்டது. பெற்ற தாய் இழுத்தும் வரவில்லை. அந்தத் தாய் ஓயாமல் போராடியதன் பலனாக 2007இல் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. பொதுக் குளங்களில் தட்டை மூடிகள் போய் உறிஞ்சிப் பிடிக்காத மூடிகள் வந்தன. மூடி உடைந்தோ பெயர்ந்தோ தெரிந்தால் பிள்ளையை இறக்காதீர்கள்.

கடலில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ரிப் கரண்ட் என்கிற இழுநீரோட்டம் நன்றாக நீந்துகிறவரையும் இழுத்துப் போகும். சிக்கினால் எதிர்த்துப் போராடாமல் மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். நியூ ஜெர்சிக் கரையில் மூழ்கியவர்கள் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிற வரி, லைஃப்கார்ட் மேடையை விட்டு இறங்கிய பிறகு என்பதுதான். எனவே மாலையில் அவர்கள் இறங்கினால் நம் பிள்ளைகளும் கரையேற வேண்டும். இதில் பேரமே கூடாது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துக் கற்றார்கள். ஃபிளாட்டில் வளர்ந்த நாம் அதைத் தொலைத்துவிட்டோம். ஒரு வயதிலிருந்தே நீச்சல் பயிற்சி தரலாம் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். பெரியவர்களுக்கும் ஒய்எம்சிஏக்களில் வகுப்பு உண்டு. கூச்சமாக இருக்கிறது என்கிற அம்மாக்களுக்கு முழுக்கை நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது; சுடிதாரோடு தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து, நனைந்த துணி இழுக்கும்.

ஹோட்டலுக்குப் போன் செய்யும்போது பூல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். வேலிக் கதவு தானாகத் தாழிடுகிறதா, ஆழம் எங்கே தொடங்குகிறது, லைஃப்கார்ட் இருக்கும் கடற்கரைக்கு எத்தனை தெரு நடக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பூலே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லைஃப்கார்ட் மேடைக்கு இரண்டு தெருவில் இருக்கும் மோட்டலில் அறை போடுங்கள்.