உடுப்பே குற்றமா?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த வேகோ நகரில் 2015-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று நடந்த சம்பவத்தை நமது வாசகர்களில் சிலர் மறந்திருக்கக்கூடும். அங்கே ஓர் உணவு விடுதியில் மோட்டார் சைக்கிள் கிளப்புகளின் கூட்டம் நடப்பதாக இருந்தது. தங்களைப் பாதிக்கும் சட்டங்களைக் குறித்துக் கலந்து பேசுவதற்காக ஏற்பட்ட கூட்டம் அது. ஆனால் பாண்டிடோஸ், காஸாக்ஸ் என்ற இரு கிளப்புகளுக்கிடையே நெடுநாளாகப் புகைந்து வந்த பகைமை அன்று வெடித்துவிட்டது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் துவங்கிய சச்சரவு துப்பாக்கிப் பிரயோகத்தில் முடிந்தது. கலகத்தை எதிர்பார்த்து அருகில் காத்து நின்ற போலீஸாரும் சுட்டனர். 9 பேர் மாண்டனர். இவர்களில் நால்வர் உடலில் பாய்ந்தவை போலீஸார் உபயோகிக்கும் வகைத் துப்பாக்கியின் குண்டுகளே என்று பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது.

கலகம் கொடியதுதான். எனினும் அதற்குப்பின் நடந்ததைப் பற்றியே நாம் இங்கே எழுதப் புகுந்தோம். போலீஸார் 177 பேரைக் கைது செய்தனர். அத்தனை பேர் மீதும் கூட்டாகச் சேர்ந்து குற்றம் புரிந்ததாக ஒரே குற்றச்சாட்டு. அத்தனை பேருக்கும் தலைக்குப் பத்து லக்ஷம் டாலர் ஜாமீன். கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே தொகை! அத்தனை பேரைக் குறித்தும் தாக்கலான பிரமாண வாக்குமூலமும் ஒன்றேதான். பெயர் எழுதுவதற்கு மட்டும் இடம் விட்டுத் தயாரித்த நகல். இன்னார் சுட்டார், இன்னார் கத்தியை உருவினார், இன்னார் தூண்டிவிட்டார் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. சம்பவ ஸ்தலத்தில் இருந்தார், அடையாளச் சின்னம் அணிந்த கூட்டத்தாரைச் சேர்ந்தவர் என்பதே அதன் சாரம். கோழி திருடியவன் மீது பிராது கொடுப்பதானாலும் எந்த வீட்டில், எப்பொழுது, எத்தனை கோழி என்று கேட்காமல் மாஜிஸ்திரேட் விடமாட்டார். ஒன்பது உயிர்கள் போன விவகாரத்தில் 177 பேரைச் சிறையிலடைக்க அவ்வளவு சிரமங்கூட வேண்டியிருக்கவில்லை.

சிறைப்பட்டவர்கள் யாவர்? பாண்டிடோஸ், காஸாக்ஸ் கிளப்புகளைச் சேர்ந்தவர்களும், அவர்களைச் சார்ந்தவர்களும், ஒரு கட்சியிலும் சேராமல் கூட்டத்திற்கு மட்டும் வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். ராணுவத்தில் சேவை செய்து திரும்பியவர்கள் இருந்தனர். ஓய்வு பெற்ற போலீஸ் துப்பறியும் அதிகாரி ஒருவரே அகப்பட்டுக்கொண்டார் என்றால் வலை எவ்வளவு அகலமாக வீசப்பட்டது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். பெரும்பாலோர் டெக்ஸாஸில் அதற்கு முன் தண்டனை பெற்றவர்களல்லர் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்து வெளியிட்டனர். ஜாமீன் தொகை பிற்பாடு குறைக்கப்பட்டது வாஸ்தவமே. அதற்குள் பலருக்கு வாரக்கணக்கில் சிறைவாசம் ஆகிவிட்டது. வேலையை இழந்தவர்களும் உண்டு. விசாரணைக்கு முன்பே தண்டனை நிறைவேறிவிட்டது.

முடிவு என்னவாயிற்று? நாலு வருஷ காலத்தில் ஒரே ஒரு வழக்குத்தான் ஜூரிகள் முன் வந்தது. 2017-ல் நடந்த அந்த விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. அடுத்து அந்த ஜில்லாவின் பிராசிக்யூஷன் தலைமைப் பதவிக்குத் தேர்தலில் வேறொருவர் வந்தார். அவர் 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எஞ்சியிருந்த வழக்குகளையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டார். 177 பேரில் தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை. நிரபராதிகள் துன்புற்றார்கள் என்பதோடு இது நின்றுவிடவில்லை. அன்று அங்கே கொலைகாரர்களும் இருந்தார்கள். அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாவரும் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டபின் அவர்களில் யார் குற்றவாளி என்று தேடும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. மாண்டவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் சர்க்கார் செய்த நியாயம் இதுதான்.

போலீஸார் பக்ஷத்தில் சொல்லக்கூடியதை நாம் மறைக்க விரும்பவில்லை. இந்தக் கிளப்புகளில் சில வெறும் உல்லாச சங்கங்கள் அல்ல. கஞ்சா, அபின் முதலிய வஸ்துக்களின் வியாபாரம், மிரட்டிப் பணம் பறித்தல், கொலை ஆகியவை அவற்றின் அங்கத்தினர் சிலர் மீது ருசுவாகியிருக்கின்றன. ஆனால் ருசுவானது எப்படி என்பதையே கவனிக்க வேண்டும். வேகோ கைதிகளின் வழக்குகள் இழுபட்டுக் கொண்டிருந்த அதே காலத்தில், அதே டெக்ஸாஸில், ஸான் அன்டோனியோ நகரத்து சமஷ்டிக் கோர்ட்டில் அதே பாண்டிடோஸ் கிளப்பின் தேசியத் தலைவர் மீதும் உபதலைவர் மீதும் வழக்கு நடந்தது. 2018-ல் இருவரும் குற்றவாளிகளென்று தீர்மானிக்கப்பட்டு ஆயுள் தண்டனை அடைந்தனர். அங்கே இன்ன கொலை, இன்ன சதி, இதற்கு இன்னார் சாட்சி என்று வழக்கு நடத்தப்பட்டது. அணிந்த சட்டையை நம்பி அங்கே எவரும் வழக்காடவில்லை. கடினமான குற்றத்தைப் பிடிக்கக் கடினமான வழி வேண்டும் என்று வாதிப்பவர்கள் இவ்விரண்டு வழிகளின் பலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாக.

அமெரிக்கச் சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இருக்கிறதென்று எண்ண வேண்டாம். தகுந்த காரணமின்றி ஒருவரைப் பிடிப்பதையும் சோதனையிடுவதையும் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 4-வது திருத்தம் தடுக்கிறது. 1979-ல் இல்லினாய் ராஜ்யத்திலிருந்து ஒரு வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஒரு மதுக்கடையையும் அதில் வேலை செய்பவனையும் சோதிக்க வாரண்டு பெற்ற போலீஸார், அங்கே உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரர்களையும் சோதனை செய்துவிட்டார்கள். சந்தேகத்துக்கு உரியவன் பக்கத்தில் இருந்தான் என்பதனாலேயே ஒருவனைச் சோதிக்க இடமில்லை, காரணம் அந்தந்த மனிதனைப்பற்றித் தனியாக இருக்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆயினும் அதே கோர்ட்டு 1996-ல் வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. ரஸ்தா விதியை மீறினதாகக் காரணம் இருந்தால் போதும், வண்டியை நிறுத்தலாம். அதிகாரியின் உள்ளெண்ணம் வேறாக இருந்தாலும் கேள்வியில்லை என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. அன்று வழக்காடியவர்கள் மோட்டார் காரில் சென்றவர்கள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அத்தீர்ப்பு வந்து விடிந்தது.

எப்படியென்றால், சைக்கிளில் குற்றம் கண்டுபிடிப்பது சுலபம். சப்தம் அதிகம், கைப்பிடி உயரம், தலைக்கவசம் விதிப்படி இல்லை, பின் விளக்கு மங்கல்; இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். நிறுத்தியபின் கேள்விகள் வேறு திசையில் செல்கின்றன. எந்தக் கிளப்? யார் தலைவர்? எங்கே போகிறீர்கள்? சட்டையின் முதுகிலுள்ள சின்னத்தையும் கையிலுள்ள பச்சைக் குத்தையும் படம் எடுத்துக் கொள்கிறார்கள். கடைசியில் அபராதச் சீட்டுக்கூடக் கொடுக்காமல் போகச் சொல்லிவிடுகிறார்கள் என்பது கிளப்பினரின் புகார். நியூயார்க் ராஜ்யத்தில் கார்களையும் லாரிகளையும் போகவிட்டு மோட்டார் சைக்கிள்களை மட்டும் நிறுத்திச் சோதிக்கும் ஏற்பாடே இருந்தது. உயிர்ச்சேதத்தைக் குறைக்கவே அவ்விதம் செய்ததாகச் சொன்னார்கள், கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. இத்தகைய சோதனைகளுக்கு சமஷ்டி சர்க்காரின் பணத்தைச் செலவிடக்கூடாது என்று 2015-ல் காங்கிரஸ் சபை சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

இந்தக் குறையைத் தீர்க்க முதல் முயற்சி செய்தது வாஷிங்டன் ராஜ்யம். 2011-ல் அதன் சட்டசபை ஒரு சிறு சட்டத்தை நிறைவேற்றிற்று. மோட்டார் சைக்கிளில் செல்வதையோ அதற்குரிய உடுப்பு அணிவதையோ காரணமாகக் கொண்டு ஒருவரை நிறுத்துவதும் விசாரிப்பதும் கைது செய்வதும் சோதனையிடுவதும் தகாது. போலீஸ் பயிற்சியில் இதைக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு போலீஸ் இலாகாவும் தன் விதிகளில் இதைக் கண்டித்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று அது விதிக்கிறது. 2016-ல் மேரிலாண்டும், 2019-ல் லூயிஸியானாவும், 2020-ல் ஐடஹோவும் இவ்வழியைப் பின்பற்றின. 2018 டிஸம்பரில் ஸெனட் சபையும் இப்பழக்கத்தைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. வயதான கட்சிக்காரர்களும் தோல் சட்டைக்காரர்களும் ஒரே மேடையில் நின்று சட்டசபை அங்கத்தினர்களைப் பார்த்துப் பேசி இதைச் சாதித்தார்கள். கூடிக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஓர் அத்தாக்ஷி.

எதிர்த் திசையில் சென்ற நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் க்வீன்ஸ்லாந்து சர்க்கார், 2013 ஸெப்டம்பரில் கடற்கரை ஊர் ஒன்றில் இக்கூட்டத்தார் செய்த கலகத்தைக் காரணமாக வைத்து, சில வாரங்களுக்குள் சட்டங்களை இயற்றியது. 26 கிளப்புகள் குற்றச் சங்கங்கள் என்று பிரகடனம் செய்யப்பட்டன. அவற்றைச் சேர்ந்த மூவர் பொது இடத்தில் ஒன்றாக இருந்தாலே குறைந்தது ஆறு மாதச் சிறை. குறிப்பிட்ட குற்றங்களுக்கு, அதற்குரிய தண்டனைக்கு மேல் 15 வருஷம் கூடுதல். சங்கத்தின் உத்தியோகஸ்தராயின் மேலும் 10 வருஷம். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கோப்பை பீர் அருந்துவது குற்றமாயிற்று! இச்சட்டங்களை எதிர்த்த வழக்கு 2014-ல் ஹைக்கோர்ட்டில் தோற்றது. அடுத்த தேர்தலில் அந்த மந்திரிசபையும் தோற்றது. 2016-ல் வந்த புதுச் சட்டம் பழையவற்றை நீக்கிற்று. ஆனால் கிளப் சின்னத்தைப் பொது இடத்தில் அணியலாகாது என்ற தடையை அதுவும் விரிவாகவே வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இதெல்லாம் எங்கோ தொலைவில் நடக்கும் செய்தியாகத் தோன்றக் காரணமில்லை. பிறந்த ஜாதியைக்கொண்டே ஒரு ஜனத்தொகுதி முழுவதையும் குற்றப் பரம்பரையென்று பதிவு செய்து, கைரேகை எடுத்து, இரவில் போலீஸ் ஸ்டேஷனில் படுக்கச் செய்த ரேகைச் சட்டத்தை நம் பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ந் தேதி சுடப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அச்சட்டம் ஒழிந்தது. காந்தி குல்லாய் அணிவதே குற்றமென்று 1930-ல் குண்டூரில் உத்தரவு பிறந்ததும் இதே மாகாணத்தில்தான். பிறப்பும் உடுப்பும் ஒன்றல்ல. கிளப்பில் சேருபவன் தன் இஷ்டப்படி சேருகிறான், சட்டையைக் கழற்றவும் அவனால் முடியும் என்று ஆட்சேபிக்கலாம். உண்மையே. குல்லாயையும் கழற்றியிருக்க முடியும்.

வாஷிங்டன் சட்டத்தைப் புகழ்ந்த நாம் அதன் குறையையும் சொல்லவேண்டும். அதை மீறிய அதிகாரிக்கு அது தண்டனை எதுவும் ஏற்படுத்தவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று பிற்பாடு கேட்டால், சப்தம் அதிகம் என்று அவர் சொல்லிவிடலாம். 1996-ம் வருஷத்துத் தீர்ப்பு அவர் பக்கம் நிற்கிறது. ஆகவே நிறுத்திய காரணத்தை அதிகாரி அதே இடத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, வண்டிக்காரரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றும், அபராதமில்லாமல் விட்ட நிறுத்தங்களும் கணக்கில் ஏறவேண்டும் என்றும், கிளப்பைப்பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்பதை முதலிலேயே அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஷரத்துகள் சேர்க்கப்படவேண்டும். பலரை ஒருங்கே கைது செய்யும்போது ஒவ்வொருவர் செய்ததைத் தனித்தனியாகக் கூறாத வாக்குமூலத்தின் மேல் எந்த மாஜிஸ்திரேட்டும் ஜாமீன் தொகை நிர்ணயிக்கக்கூடாது. டெக்ஸாஸ் சட்டசபை இதில் கடைசி ஷரத்தையாவது முதலில் எடுத்துக்கொள்ளலாம்.