பொம்மை ரயில் ஏறவா ரயில் மியூசியம்?

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் இது. லீவு விட்டால் போதும், எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "பசங்களை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்." பீச் அலுத்துப் போச்சு. மாலுக்குப் போனால் பர்ஸ் காலி. வண்டலூரில் வெயிலில் நடக்க முடியாது. கடைசியில் யாராவது ஒரு சித்தப்பா சொல்லுவார், "வில்லிவாக்கம் பக்கம் ரயில் மியூசியம் இருக்கு, பொம்மை ரயில் எல்லாம் ஓடுது." அவ்வளவுதான், பிளான் ரெடி.

அந்தப் பிளானைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்புவது. உச்சி வெயிலில் போய் இறங்குவது. முதல் வேலையாகப் பொம்மை ரயிலுக்கு வரிசையில் நிற்பது. பிறகு இன்ஜின் முன்னால் ஒரு போட்டோ, பையனை இன்ஜின் மேலேயே ஏற்றி ஒரு போட்டோ ("ஏறக் கூடாது" என்ற போர்டுக்குப் பக்கத்திலேயே!). ஒரு ஐஸ்கிரீம். "அவ்ளோதானா? எல்லாம் பழைய இரும்புதானே" என்று ஒரு தீர்ப்பு. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே.

சாமிகளா, பொம்மை ரயில்தான் வேண்டும் என்றால் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போங்கள். அங்கேயும் ஓடும், கூடவே டெல்லி அப்பளமும் கிடைக்கும். ரயில் மியூசியத்துக்கு இப்படிப் போய் வந்ததை ரயில் மியூசியம் போனதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. இந்த இடத்துக்குக் கட்டாயம் வரவேண்டிய ஆளை நாம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். தாத்தாவையும் பாட்டியையும். "வெயில்ல உங்களால நடக்க முடியாது, வீட்டுல டிவி பாருங்க." அக்கறையாகத்தான் சொல்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மியூசியத்தில் நிற்கிற பெட்டிகளில் நிஜமாகவே உட்கார்ந்து போனவர்கள் அவர்கள் மட்டும்தான். நாம் எல்லாம் வெறும் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள்.

ஒரு பெட்டிக்கு முன்னால் இருக்கும் போர்டு என்ன சொல்லும்? கட்டிய வருடம், கட்டிய கம்பெனி, எடை எத்தனை டன், எந்தப் பாதையில் ஓடியது. நல்லது. ஆனால் அந்தப் பலகை பெஞ்சில் ராத்திரி முழுக்க எப்படி உட்கார்ந்திருந்தார்கள்? குழந்தையை எங்கே படுக்க வைத்தார்கள்? யார் பக்கத்தில் யார் உட்கார மறுத்தார்கள்? குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதெல்லாம் எந்தப் போர்டிலும் இருக்காது.

எங்கள் பாட்டி கல்யாணம் ஆகி மாயவரத்திலிருந்து திருவாரூருக்குப் போனது 1971ல், மீட்டர் கேஜ் கரி இன்ஜின் வண்டியில், மூன்றாம் வகுப்பில். ஜன்னலோரம் உட்கார்ந்ததில் பொறி பறந்து வந்து கூறைப் புடவையில் குண்டூசி அளவுக்கு ஓட்டை. அந்தப் புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது. கண்ணில் கரி விழுந்தால் தேய்க்கக் கூடாதாம், புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்க வேண்டுமாம். நீராவி இன்ஜினைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த ஒத்தடம் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடலாம். காந்தி மூன்றாம் வகுப்புப் பயணிகள் படும் பாட்டைப் பற்றித் தனியாக எழுதியது 1917ல். அதற்குப் பிறகும் அந்த வகுப்பு 57 வருடம் ஓடி, 1974ல்தான் ஒழிக்கப்பட்டது. அன்றைக்கு இருபது வயதில் அதில் போனவருக்கு இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அகலப் பாதையில் நீராவி வண்டி முடிவுக்கு வந்தது 1995ல். அதில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் யாராவது இருந்தால், எவ்வளவு இளைஞராகப் பார்த்தாலும் ஐம்பதைத் தாண்டியவர். இன்னும் பத்துப் பதினைந்து வருடம் போனால் மூன்றாம் வகுப்பைப் பற்றி நேரில் பார்த்தவராகப் பேச ஆள் கிடைப்பதே கஷ்டம். பெட்டிக்கு மட்டும் வருடா வருடம் புது பெயின்ட் அடிப்பார்கள்.

பழசு என்றால் நீராவி மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். சென்னை பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931ல் தொடங்கியது. 2004ல் அது நின்றபோது எங்கள் கிளாஸில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. அந்த வண்டியில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போனவர்கள் நம் அப்பா, அம்மாதான். அவர்களும் மியூசியத்தில் நின்று "போட்டோ எடுத்தாச்சா, கிளம்பலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். என்ன கொடுமை இது!

சரி, எதிர்ப்பாட்டுக்கு வருவோம்.

"சின்னப் பசங்க ஜாலியா இருந்தா போதாதா? அவங்களுக்குப் போய் வரலாறு, சமூகம்னு பாடம் எடுக்கணுமா?" பாடம் யார் எடுக்கச் சொன்னது? பசங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எந்தப் பழைய பெட்டியில் ஏறினாலும் முதல் கேள்வி "கக்கூஸ் எங்கே?" என்பதுதான். அடுத்த கேள்வி "அது எங்கே போய் விழும்?" உடனே அம்மா "ச்சீ, பேசாம வா" என்று கையைப் பிடித்து இழுப்பார். அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்கிறேன் நான். அது தண்டவாளத்தில் விழுந்தது. அதை ஸ்டேஷன் ஸ்டேஷனாக மனிதர்கள் துடைப்பம் வைத்துச் சுத்தம் செய்தார்கள். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். மலம் அள்ளும் வேலைக்கு மனிதர்களை வைக்கக் கூடாது என்று 1993லும் சட்டம் வந்தது, 2013லும் வந்தது. பெட்டிகளில் பயோ-டாய்லெட் பரவலாக வந்ததோ கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில்தான். ஏழு வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி இதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியும். கேள்வி அவனுடையது. பதில் சொல்லக் கூச்சப்படுவது நாம்தான்.

"எங்க தாத்தா ரயில்வேயில வேலை பார்க்கலையே?" பார்க்க வேண்டாம். டிக்கெட் எடுத்துப் போனவராக இருந்தால் போதும். டிக்கெட் இல்லாமல் போனவராக இருந்தால் இன்னும் விசேஷம் :-)

அடுத்தது, எல்லாக் குடும்பத்திலும் இருக்கும் ஒரு ரயில் பைத்தியம். (அன்போடுதான் சொல்கிறேன், என் பெரியம்மா பையன் ஒருத்தன் இப்படித்தான்.) "இது எக்ஸ் கிளாஸ், சுவிட்சர்லாந்து வின்டர்தூரில் செய்தது, 12 அடிக்கு 1 அடி ஏறும், நடுவில் பல்சக்கரத் தண்டவாளம்" என்று ஊட்டி ரயிலைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்பிப்பான். எல்லாம் சரியான தகவல்தான். கேட்டுக்கொண்டிருக்கும் அத்தைக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்த மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு, தன் பெட்டிக்குத் தானே பிரேக் போட்டுக்கொண்டு வருவார் என்று சொல்லிப் பாருங்கள். அத்தை நிமிர்ந்து உட்காருவார். "மழையிலயுமா நிப்பாரு?" என்று கேட்பார். அங்கேதான் பேச்சு தொடங்கும்.

மியூசியம் நடத்துபவர்களையும் சும்மா விட முடியாது. டெல்லி சாணக்கியபுரியில் 1977ல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வேல்ஸ் இளவரசருக்காக 1875ல் செய்த சலூன் இருக்கிறது. மைசூர் மகாராஜாவின் 1899ம் வருடத்துச் சலூனும் இருக்கிறது. இருக்கட்டும், அழகான வேலைப்பாடு, பார்க்க வேண்டியதுதான். ஆனால் ரயில்வேயின் கதை சலூனில் போன நாலு பேரின் கதையா?

பொன்மலை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில் பட்டறை. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்துப் போனது எத்தனை பேருக்குத் தெரியும்? 1928ல் ஆள் குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம், அதற்காகச் சிங்காரவேலர் சிறைக்குப் போனது? 1974 மே மாதம் சுமார் 17 லட்சம் ரயில்வே ஊழியர்கள் இருபது நாள் வேலையை நிறுத்தியது? நான் சுற்றிப் பார்த்த ரயில் மியூசியங்களில் இதைப் பற்றி ஒரு போர்டும் என் கண்ணில் படவில்லை. இன்ஜின் தானாக உருண்டு வந்து ஷெட்டில் நின்றுகொண்ட மாதிரி இருக்கிறது.

போர்டு வைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்ன? சென்னை மியூசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல் திறந்தது, ஐ.சி.எஃப். நிர்வாகத்தின் கையில் இருப்பது. அந்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்தது. சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தில் தொடங்கி, நாடு முழுக்க ஓடிய நீலப் பெட்டிகளைச் செய்து தள்ளிய இடம். அந்தப் பழைய வகைப் பெட்டியில் கடைசியானது 2018 ஜனவரியில் வெளியே வந்தது. அதே வருடம் அதே இடத்தில் செய்ததுதான் பிறகு வந்தே பாரத் என்று பெயர் மாறிய ரயில். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் தெருவில் இறங்கி விசாரித்தால் ஐ.சி.எஃப்.பில் வெல்டராகவோ, ஃபிட்டராகவோ, பெயின்டராகவோ இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் அகப்படுவார். நம் சொந்தத்திலோ, நண்பன் வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் அவரோடு போய்ப் பாருங்கள். "இந்த இடத்துல வெல்டிங் ஒழுங்கா இல்லைன்னா இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிடுவான் தம்பி" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், அந்தப் பெட்டி அப்புறம் வெறும் இரும்பாகத் தெரியாது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. அதனால் என் பிளான் இதோ.

ஒன்று: ஞாயிறு வேண்டாம், கூட்டம். எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முதலிலேயே விசாரித்துவிட்டு, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பெரியவர்களோடு பாதி பார்த்துவிடலாம்.

இரண்டு: காரில் போகாதீர்கள். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் வில்லிவாக்கம் வந்து ஆட்டோ பிடியுங்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனதும் இந்த வழியாகத்தான். மியூசியம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது, அதுவும் பத்து ரூபாய்க்குள்.

மூன்று: எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்ற வெறி வேண்டாம். தாத்தாவையோ பாட்டியையோ முன்னால் நடக்க விடுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே எல்லோரும் நிற்க வேண்டும். மூன்று பெட்டி பார்த்தால் போதும். மடக்கு ஸ்டூல் ஒன்று, தண்ணீர், குடை. முட்டி வலி இருப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்றும் கேட்டு வையுங்கள்.

நான்கு: பசங்களிடம் மூன்று கேள்வி கொடுத்துவிடுங்கள். முதல் தடவை ரயில் ஏறினது எப்போ? கூட யாரு வந்தா? எந்த ஊரை விட்டுட்டுப் போனீங்க? கேட்பது அவர்கள் வேலை, போனில் பதிவு செய்வது உங்கள் வேலை. மூன்றாவது கேள்விக்குச் சில பேர் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

ஐந்து: பொம்மை ரயில் கடைசியில். கட்டாயம் உண்டு, நானும் ஏறுவேன். வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை, முதலில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

"இதுக்கெல்லாம் நேரம் ஆகுமே" என்பீர்கள். ஆகும், அரை நாள் ஆகும். சினிமாவுக்குப் போனால் டிராஃபிக், இடைவேளை, பாப்கார்ன் எல்லாம் சேர்த்து அதே அரை நாள்தான் ஆகிறது. "தாத்தா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரே" என்றும் ஒரு பயம். நிறுத்தாமல் பேசட்டுமே! வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். அவர் பேசுவதற்கென்றே ஆறேழு ஏக்கரில் ஓர் இடம் கட்டி வைத்த மாதிரி இருக்கிறது, அங்கேயும் அவரைக் கூட்டிப் போகவில்லை என்றால் எப்படி?

ரயில் மியூசியத்தில் இருக்கும் இன்ஜின்கள் ஓட வேண்டியதெல்லாம் ஓடி முடித்தவை. அடுத்த வருடமும் அங்கேயேதான் நிற்கும், அதற்கடுத்த வருடமும் நிற்கும். நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அடுத்த லீவு வரை தள்ளிப் போடாதீர்கள். இந்தச் சனிக்கிழமையே கிளம்புங்கள். குடையை மறக்காதீர்கள்.