எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது?

பெற்றோர்களே, சிந்திப்பீர்! அனைத்துலக உறவுகள் படிக்க மகளுக்கு இரண்டு வாய்ப்புக் கடிதங்கள். ஒன்று கெடா, சிந்தோக்கிலுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகம். இன்னொன்று கோலாலம்பூரில் தனியார் கல்லூரி. 'சிந்தோக் தூரம்' என்று வீட்டை அடகு வைக்காதீர்கள்! விஸ்மா புத்ராவில் அமர வைக்கும் பி.டி.டி. சேவைக்கு, அங்கீகரிக்கப்பட்ட எந்தத் துறைப் பட்டமும் போதும்; எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். கல்லூரிக் கட்டடத்தின் பளபளப்பை அங்கே யாரும் கேட்பதில்லை.

அரசியலமைப்பின் 153ஆவது விதி அரசாங்க வேலையிலும் உபகாரச் சம்பளத்திலும் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வீகக் குடியினருக்கும் ஒதுக்கீடு செய்ய வழிவிடுகிறது. நமக்குக் கதவு குறுகல்தான். கடன் மூட்டையைச் சுமந்துகொண்டு அதில் நுழைய முடியுமா? குறுகல் என்று விண்ணப்பிக்காமலே இருந்தால், கதவை நாமே சாத்துகிறோம். சிந்தோக்குக்கு அனுப்புங்கள். பட்டம் பெற்றதும் தேர்வு எழுதச் சொல்லுங்கள். 'இந்தியர்கள் விண்ணப்பிப்பதில்லை' என்று சொல்ல இனி யாருக்கும் வாய்ப்புத் தராதீர்!